காற்றுப் போன சைக்கிளில் வேலைக்குப் போன காலம்

சென்ற மாதம் சுகாதார அலுவலகத்தில் 'வேலைக்குச் சைக்கிளில் வருவோம்' என்று ஒரு காலை நிகழ்ச்சி வைத்தார்கள். நான் முன்பு பார்த்த வேலையை இப்போது பார்க்கும் துஷி என்ற பிள்ளை தொலைபேசியில் என்னைப் பிடித்தாள்.

"ஐயா, கப்பல்துறையில இருந்து முப்பது வருசம் சைக்கிளில வந்த ஆள் நீங்கள்தானே. அதின்ர நன்மையைப் பற்றி ஒரு பத்து நிமிசம் கதையுங்கோவன்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் போனது ஓட்டோவில். வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொண்டு, சைக்கிளை எங்கோ நிழலில் விட்டுவிட்டு வருகிறவன் மாதிரிக் கையை வீசி நடந்து உள்ளே போனேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு கள்ளத்தனம்.

சீனி குறையும், பிரஷர் இறங்கும், முழங்கால் உறுதிப்படும், மனம் லேசாகும் என்று எல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். முற்றத்து வேம்பின் கீழே வந்தவர்களுடைய சைக்கிள்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் கை தட்டவில்லை. பம்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வேலைக்குப் போனதால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை அந்த மனிதர்தான். அதை மேடையில் சொல்லும் உரிமை எனக்கு அன்று இருக்கவில்லை. பிறகு அவரிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை காசநோய்க்காரருக்கு மாத்திரை கொடுப்பது. கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் அது கொடுத்ததாகாது. விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், இனி எதற்கு என்று தோன்றும். அங்கேதான் ஆட்கள் வழுக்குவார்கள். இடையில் விட்டால் நோய் திரும்பி வரும். அப்படி வருவது பழைய மாத்திரைக்கு அடங்காது. என் பயிற்சிக் காலத்தை முழுவதும் பிழிந்தால் இந்த நாலு வரிதான் மிஞ்சும்.

மிச்சத்தை எல்லாம் எங்கள் கிளினிக்குக்குப் பொறுப்பாயிருந்த டொக்டர் மிஸ்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒல்லியான மனுசி, ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சிகிச்சை அட்டைகளை எடுத்து, ஒவ்வொரு நாள் கட்டத்துக்கு மேலும் நகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். மாத்திரை போட்ட நாளுக்குப் புள்ளடி, போடாத நாளுக்கு வட்டம். சில அட்டைகளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை மழைக்கு ஒதுங்கி, மூன்று நாள் புள்ளடியை ஒரேயடியாகப் போட்டுக் கொண்டுபோனேன்.

"மூண்டும் ஒரே மையில, ஒரே சரிவில விழுந்திருக்கு," என்றார். "அவரும் மூண்டு நாள் மருந்தையும் ஒரேயடியாத்தான் விழுங்கினவரோ?"

அவ்வளவுதான். அதன்பிறகு என் வாழ்நாளில் பொய்ப் புள்ளடி போட்டதில்லை.

மாத்திரை உள்ளே போனதா என்று அறிவதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. சிலர் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நாங்கள் படலையைத் தாண்டியதும் துப்பிவிடுவார்கள்.

"விழுங்கிட்டீங்களோ எண்டு கேளாதேங்கோ," என்றார் மிஸ். "ஓம் எண்டு தலையாட்டுவினம். தலையாட்ட வாய் தேவையில்லை. இண்டைக்கு என்ன கறி எண்டு கேளுங்கோ. மாத்திரையைக் கன்னத்துக்குள்ள வைச்சுக்கொண்டு ஒருத்தராலயும் கறி சொல்லேலாது."

அன்று தொடங்கி, நான் வேலைக்குப் போய்வரும் கண்டி வீதி நெடுகிலும் எந்த வீட்டில் என்ன கறி என்பது எனக்கு மனப்பாடம். "ஊர்ச் சட்டி எல்லாம் தெரியும், இந்த வீட்டுச் சட்டியிலை என்ன கிடக்கெண்டு மட்டும் தெரியாது," என்று என் மனைவி முறைப்பாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை.

நான் ஏன் சைக்கிளை விடவில்லை என்று துஷி கேட்டாள். கிளினிக் வாகனம் ஒரு வீட்டு வாசலில் நின்றால் பின்னேரத்துக்குள் அந்தக் கதை ஊர் முழுக்கப் போய்விடும். பிறகு அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் ஆட்கள் யோசிப்பார்கள். சைக்கிள்காரன் எங்கே நின்றாலும் ஏன் நின்றான் என்று யாரும் கேட்பதில்லை. செயின் கழன்றிருக்கும், தாகம் எடுத்திருக்கும், காற்றுப் போயிருக்கும். நான் வீட்டிலிருந்து ஓர்ஸ் ஹில் பக்கம் இருந்த கிளினிக்குக்குப் போய்ச் சேருவதற்குள் நாலைந்து பேர் மாத்திரை போட்டு முடித்திருப்பார்கள். என் வேலையில் பாதி, வேலைக்குப் போகும் வழியிலேயே நடந்தது.

இனி அந்தப் பம்ப் பிடித்த மனிதருக்கு, எல்லாரும் அண்ணன் முறையில் கூப்பிடும் சுல்தான் நானாவுக்கு வருகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. அனுமதி கேட்டபோது, "எழுதுங்க ஐயா, ஆனா பேர மாத்திப் போடுங்க," என்றார். என்ன பெயர் போடுவது என்று கேட்டதும் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "சுல்தான்," என்றார்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய கதை இது. சீனக்குடாச் சந்தியில் அவருக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை. நாலு தடி, மேலே தகரம், சுற்றிவரத் தொங்கும் பழைய ரயர்கள், ரியூப்பை முக்கிப் பார்க்க ஒரு பேசின் தண்ணீர். வீடு கிண்ணியாவில். காலையில் சோற்றுப் பார்சலோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ரியூப் ஒட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ரியூப் வேறு இடத்தில் கிழிந்தாலும் கிழியும், அவர் போட்ட ஒட்டு கிழியாது.

அவருக்கு நோய் என்று தெரிந்தபோது நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை. பகலில் மாத்திரை போடத் தடையில்லாத காலம் என்று நான் ஆறுதல்பட்டேன். ஆனால் கிண்ணியா கிளினிக்கில் போட அவர் சம்மதிக்கவில்லை.

"அங்க எல்லாரும் என்ட சொந்தம் ஐயா. மருந்து தார பிள்ளையே என்ட மச்சாண்ட மகள். டவுனுக்கு ஒவ்வொரு நாளும் வந்தா கடைய ஆர் திறக்கிற? நீங்க இந்த ரோட்டாலதானே போறீங்க?"

தொற்றுப் பரவும் அந்த முதல் இரண்டு கிழமையும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே தனி அறையில் படுத்துக்கொண்டார். அந்த நாட்களில் அவருடைய மனைவி கையால் மாத்திரை. வீட்டிலிருந்த பேரப்பிள்ளையையும் சத்தமில்லாமல் கூப்பிட்டுப் பரிசோதித்தோம், பயமில்லை. பிறகு அவர் கடையைத் திறந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். சந்திக்கு முதல் மதகடியில் நான் இறங்கி, பின்சில்லின் காற்றைத் திறந்துவிடுவேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வருவேன். அவர் சில்லைப் பார்க்கிற சாட்டில் ரயர்களுக்குப் பின்னால் நின்று, செங்கல் நிறமான நாலு மாத்திரையையும் ஒவ்வொன்றாக விழுங்குவார்.

"நானா, இண்டைக்கு என்ன கறி?"

"சூடை மீன், கத்தரிக்கா பால்கறி, மாசிச் சம்பல்."

நான் அட்டையில் புள்ளடி போடுவேன். அவர் சில்லுக்குக் காற்று அடிப்பார். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மூன்று நாலு கறி சொன்ன நாட்களில் பார்சலில் வெறும் சம்பல்தான் இருந்தது என்று அவருடைய மனைவி சொல்லிப் பிறகுதான் அறிந்தேன்.

கடைக்கு நேர் எதிரே சிவத்தாருடைய தேத்தண்ணிக் கடை. சிவத்தாருக்கு வாய் சும்மா இராது. நாலைந்து நாளில் தொடங்கிவிட்டார்.

"என்ன ஐயா, இண்டைக்கும் காத்துப் போச்சோ? சுல்தானாற்ர ஒட்டு இப்ப ஒரு பகலுக்கும் நிக்காது போல!"

தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம்முடைய நாடகம் நன்றாக எடுபடுகிறது, ஒருவருக்கும் சந்தேகமில்லை என்ற சந்தோசத்தில் நான் வாய் நிறையச் சிரித்தேன். சில நாள், "ஓம் சிவத்தார், என்ன ஒட்டோ!" என்று பதிலும் சொன்னேன். அந்த நேரம் நானா தலையைக் குனிந்து பேசின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன், ஆனால் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் முடிந்தது. ஒரு திங்கட்கிழமை நான் மாத்திரையை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"இருமல் நிண்டுட்டு ஐயா. சோறு இறங்குது. போதும்."

"இன்னும் நாலு மாதம் கிடக்கு நானா. இடையில விட்டா..."

"தெரியும். நீங்க நூறு தரம் சொல்லிட்டீங்க."

"அப்ப ஏன்?"

அவர் கையிலிருந்த ஸ்பனர் சாவியைக் கீழே வைத்தார். கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கு காலியாயிருந்தது. முன்பெல்லாம் காலையில் அந்த வாங்கில் மூன்று நாலு பேர் இருப்பார்கள்.

"நோய்க்காரன் எண்டத மறைச்சுப் போடலாம் ஐயா. ஒட்டத் தெரியாதவன் எண்டத எப்பிடி மறைக்கிற? ஒவ்வொரு நாளும் நீங்க அத ரோட்டால உருட்டிக்கொண்டு வாறீங்களே."

நோயை மறைக்க எல்லாவற்றையும் யோசித்த நாங்கள், அந்த மனிதருடைய கையை யோசிக்கவில்லை. முப்பது வருடம் ஒட்டி ஒட்டிச் சேர்த்த பெயரை ஒன்றரை மாதத்தில் நான் காற்றோடு திறந்துவிட்டிருந்தேன்.

அடுத்த நாள் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். கிளினிக்கில் புதிதாக வந்து நின்ற மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அதற்குக் காற்றுப் போகவேண்டிய தேவையில்லைதானே என்று நினைத்தேன். முன்னால் சுகாதாரத் திணைக்களத்தின் பெயர்ப் பலகை இருந்தது என் மூளைக்கு எட்டவில்லை. சந்தியில் என்னைக் கண்டதும் நானா கடையின் பின்பக்கத்தால் இறங்கிப் பற்றைக்குள் போய்விட்டார். சிவத்தார் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து அந்தப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் வேகத்தைக் குறைக்காமல் ஓடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸின் நகம் அந்த அட்டையில் ஐந்து வட்டங்களில் நின்றது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், அன்றைய வெள்ளி. அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், சிரித்ததையும் சேர்த்து.

"அவற்ற ஒட்டு உண்மையிலயே நல்லதோ?" என்று கேட்டார்.

"இந்த மாவட்டத்திலயே அப்பிடி ஒட்டு இல்லை மிஸ்."

"அப்ப பிழை அவரில இல்லை. அதை நீங்கள் எனக்குச் சொல்லி என்ன? சிவத்தாருக்கெல்லோ தெரியோணும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இன்னொரு வட்டம் விழ நான் பாத்துக்கொண்டிருக்கமாட்டன்."

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வீடு திரும்பும்போது என் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்புச் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்து எண்ணெய் விட்டு, றிம்மில் முகம் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். அங்கேதான் விசயம் இருந்தது. இப்படிப் பளபளக்கிற சைக்கிளுக்கு ஒவ்வொரு நாளும் காற்றுப் போனால் எவரும் ஒட்டினவரைத்தான் குறை சொல்வார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஒரு பழைய சைக்கிளை ஆட்டுக்கொட்டில் சரியாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். மிதி ஒன்று இல்லை. இருக்கைக்குச் சாக்குச் சுற்றியிருந்தது. முன்சில்லு முட்டை வடிவம். அதைத் தரமுடியுமா என்று கேட்டேன். மனிதர் என் நெற்றியில் கைவைத்துப் பார்க்காத குறை. கொட்டிலுக்கு வேறு தடி நட்டுக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். என் மனைவி படலையில் நின்று பார்த்தாள்.

"உதிலயோ வேலைக்குப் போகப்போறியள்?"

"ஓம்."

"அப்ப ஒழுங்கை திரும்பும்வரைக்கும் நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டமாட்டன்."

சனிக்கிழமை காலை கப்பல்துறையிலிருந்து சீனக்குடா வரை அந்தச் சைக்கிளை மிதித்தேனா, அது என்னை மிதித்ததா என்று தெரியாது. இந்தமுறை காற்றைத் திறந்துவிடத் தேவை இருக்கவில்லை, அது தானாகவே போயிருந்தது. செயினும் கழன்று தொங்கியது. சந்தியில் இறங்கி, சிவத்தாருக்குக் கேட்கும்படி பெரிய குரலில் சொன்னேன்:

"நானா! என்ர நல்ல சைக்கிள் வீட்டில நிக்கட்டும். அதில ரியூப்பில பிழையில்லை, வால்விலதான் பிழை. உங்களிட்ட ஒரு நாளும் சொல்லாம உங்கட ஒட்டைக் குறை சொன்னது நான்தான். இனி இதிலதான் வருவன். இதை ஓடவைக்க உங்களைத் தவிர ஒருத்தராலயும் ஏலாது."

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானா வெளியே வந்தார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முட்டை வடிவச் சில்லைத் தூக்கிச் சுழற்றிவிட்டார், அது ஆட்டம் போட்டது. பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அந்தப் பார்வையில் கண்டேன். ஆனால் அவர் பேசியது வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்து.

"சிவம்! இத நான் டவுன் வரைக்கும் ஓட வைச்சா என்னத்த தருவாய்?"

"ஓட வைச்சா நீர் மனுசனில்லை," என்றார் சிவத்தார்.

ரயர்களுக்குப் பின்னால் போனோம். நானா கை நீட்டினார். நாலு மாத்திரை, நாலு மிடறு தண்ணீர்.

"இண்டைக்கு என்ன கறி நானா?"

"கணவா மீன்," என்றார். அன்று ஒரே ஒரு கறிதான். அட்டையில் போட்ட புள்ளடி கோணலாக விழுந்தது, மிஸ் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு நாலு மாதம். ஒரு நாள் மிதி வந்தது, ஒரு நாள் செயின், ஒரு நாள் பிரேக் கட்டை. முட்டைச் சில்லை அவர் கம்பி கம்பியாக இறுக்கி வட்டமாக்க மூன்று கிழமை பிடித்தது. ஒவ்வொரு நாளும் நிற்பதற்கு எனக்கு உண்மையான காரணம் இருந்தது. அந்தச் சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவதைச் சந்தி முழுக்கப் பார்த்தது. "ஆட்டுக்கொட்டில் சைக்கிளையே ஓட வைச்ச ஆள்" என்று சிவத்தாரே கதை பரப்பினார். வாங்கில் மறுபடி ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கறி கேட்பதும் சொல்வதும் சாதாரணமாகிவிட்டது, சிலர் தங்கள் வீட்டுக் கறியையும் சேர்த்துச் சொன்னார்கள்.

கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. மிஸ் அட்டையை மூடினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, இரத்தம் எடுக்கச் சொன்னார். வருடத் தொடக்கத்தில் எனக்குச் சீனி கூடியிருந்தது. அந்த இரும்புக் கழுதையை நாலு மாதம் மிதித்ததில் அது இறங்கியிருந்தது. மேடையில் நான் சொன்ன சீனிக் கதை அதுதான். பொய்யில்லை, பாதிதான் சொன்னேன். அந்தச் சைக்கிளைச் சுல்தான் நானாவுக்கே கொடுத்துவிட்டேன்.

இப்போது துஷி போன்றவர்கள் சில நோயாளிகள் விழுங்குவதைத் தொலைபேசியில் வீடியோவில் பார்க்கிறார்கள். நல்ல முறை. யாருடைய ரயரும் அதற்காகத் தட்டையாக வேண்டியதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நானா என்னிடம் வந்தார். "உங்கட சைக்கிள் எங்க? காத்துப் பாப்பம்," என்றார். நான் விழித்தேன்.

"ஓட்டோவில வந்தனான் நானா."

"அதானே. சைக்கிள் ஓடுறல்லியா இப்ப?"

"எங்க போறதுக்கு? ஆர் எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்கினம்?"

விளையாட்டாகச் சொல்லத் தொடங்கியது, முடியும்போது விளையாட்டாக இருக்கவில்லை. ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் சீனியும் பிரஷரும் ஏறிவிட்டன. மாத்திரை தந்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் மாத்திரை போட்டவன், நானே போடுவதை ஒரு தோல்வி மாதிரி எடுத்துக்கொண்டேன். நினைத்தால் போடுவேன், இல்லாவிட்டால் மேசை லாச்சிக்குள் தள்ளிவிடுவேன். "மாத்திரை போடுறீங்களா?" என்று அவர் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் காலை படலையில் மணிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சுல்தான் நானா, அந்த ஆட்டுக்கொட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சீனக்குடாவிலிருந்து மிதித்து வந்திருக்கிறார். பின்சில்லு தட்டையாயிருந்தது.

"காத்துப் போய்ட்டு ஐயா," என்றார் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "பம்பு இருக்கா?"

பம்பை எடுத்து வந்தேன். அவர் அதை வாங்கவில்லை. என் மனைவியிடம் தண்ணீரும் மாத்திரையும் கேட்டார். அவள் அவருக்காகவே காத்திருந்தவள் மாதிரி இரண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். நான் மாத்திரையை வாயில் போட்டேன், தண்ணீர் குடித்தேன், கோப்பையை நானாவிடம் திருப்பிக் கொடுத்தேன். முப்பது வருடமாக மற்றவர்களிடம் பார்த்த வித்தை எனக்குத் தெரியாதா? மாத்திரை கன்னத்துக்குள் பத்திரமாக இருந்தது.

நானா கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார். அவசரப்படாமல் கேட்டார்:

"இண்டைக்கு என்ன கறி ஐயா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. குசினியிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. கண் கலங்கியது, மறைக்கவில்லை. தண்ணீர்க் கோப்பையை நானா கையிலிருந்து திரும்ப வாங்கி, இந்தமுறை உண்மையாகவே விழுங்கினேன்.

"முருங்கைக்காய்," என்றேன்.